அவள் படிப்புக்கு நான் பிடித்த வரி

பல்லடம் சாலையில் இருக்கும் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகச் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்.காம். தபாலில் படித்தேன். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொள்வேன். பரீட்சைக்கு எடுத்த லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள். பிடித்துக் கணக்குப் போட்டவளும் நான்தான்.

வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் ஒருத்தி எங்கள் ஆபீஸில் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள். ஆடை வணிக நிர்வாகத்தில் இரண்டு வருடப் படிப்புக்கு அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப முதலாளி முடிவு செய்தார். சனி, ஞாயிறு வகுப்பு. கட்டணம் முழுவதும் கம்பெனி கட்டும்.

செய்தி வந்த அன்று எல்லோரும் அவள் மேஜையைச் சூழ்ந்து நின்றார்கள். நானும் போய்க் கை கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் வயிறு எரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? சனிக்கிழமைகளில் கம்பெனி கார் அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வரும். ஜன்னல் வழியே அவள் தோளில் புதுப் பை தெரியும். அந்தப் பையைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டண ரசீது என் மேஜைக்கு வந்தது. கம்பெனி வேலைக்குத் தேவையான பயிற்சி என்று கம்பெனியே ஆள் அனுப்பி, பணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டினால், அது பொதுவாக ஊழியரின் வருமானம் ஆகாது. அவரவர் சொந்தப் பட்டத்துக்குக் கம்பெனி கட்டினால் அதைச் சலுகையாக எடுத்துச் சம்பளத்தோடு சேர்க்க வேண்டிவரும். இது முதல் வகைதான் என்று ரசீதைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால்கூட ஆடிட்டருக்கு ஒரு போன் போதும். நான் போன் செய்யவில்லை. சலுகை என்று எழுதிச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டேன்.

அவள் சம்பளம் வரி விழாத எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தது. கட்டணம் சேர்ந்ததும் எல்லையைத் தாண்டியது. அந்த மாதமே வரி பிடித்தேன்.

சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "எக்கா, நான் லீவே போடலியே. துட்டு கொறஞ்சிருக்கு?"

"உங்க படிப்புக்குக் கம்பெனி கட்டுனது உங்க வருமானத்துல சேருதுங்க. வரி புடிச்சுத்தான் ஆகோணும்."

அவள் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். "சட்டம்னா என்னக்கா செய்ய? நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

அந்த நம்பிக்கை என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அன்று மத்தியானம் சோறு ருசியாக இறங்கியது.

மூன்றாவது மாதம், படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அவள் முதலாளியிடம் கடிதம் கொடுத்தாள். ஊரில் அப்பாவின் மருந்துச் செலவுக்கு அவள் அனுப்பும் பணம்தான். சம்பளம் குறைந்தால் தாங்காது என்று எழுதியிருந்தாள். முதலாளி ஆடிட்டரை வரச் சொன்னார். ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இதைய எதுக்குச் சம்பளத்துல சேத்துனீங்க? கம்பெனியே அனுப்புன பயிற்சிதானுங்களே?"

"சந்தேகமா இருந்துச்சுங்க."

அவர் தலையாட்டினார். "புடிக்காம உட்டு நோட்டீஸ் வந்தாத்தானுங்க வம்பு. சாக்கிரதையாத்தான் இருந்திருக்கீங்க. அடுத்தவாட்டி ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க."

முதலாளியும், "எங்க அம்மிணி எல்லாத்துலயும் உசாருங்க" என்றார். தலை நிமிர முடியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து பிடிப்பதை நிறுத்தினேன். பிடித்தது அரசாங்கத்துக்குப் போய்விட்டது. வருடம் முடிந்து கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். அவள் படிப்பை விடவில்லை. அந்த இடைவெளியை எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை.

தாக்கல் செய்யும் நேரம் வந்தபோது, என்னிடமே காகிதங்களைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க இல்லன்னா எனக்கு இதெல்லாம் என்னக்கா தெரியும்?" என்றாள்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "எனக்குச் சந்தேகமே இல்லீங்க" என்றேன். "தெரிஞ்சுதான் புடிச்சேன். உங்கள அனுப்புனாங்க, என்னைய அனுப்பலீன்னு."

அவள் முகம் சட்டென்று மாறவில்லை. புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் மேஜையில் இருந்த ஆதார் நகலை எடுத்து நான்காக மடித்தாள்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு மாசம் பாதி மாத்திரதான் வாங்கிக் குடுத்தேன்," என்றாள். "வேலைய முடிச்சிருங்க மேடம். நான் வெளிய நிக்கேன்."

முடித்துக்கொடுத்தேன். பணம் அவள் கணக்குக்குத் திரும்ப வந்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவள் அப்படி வாய் திறக்காமல் இருந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே நிற்பதாகத்தான் தோன்றியது.

சென்ற மாதம் அவள் பட்டம் வாங்கிய படத்தை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வாடகை அங்கி அவள் தோளில் நிற்காமல் சரிந்திருந்தது. பார்த்ததும் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு வாழ்த்து அனுப்பினேன்.