பால்கனியில் ஒரு சிவப்புத் துண்டு

என் அத்தானுக்குத் தெரு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. கடைக்காரன் அழுகின தக்காளியைக் கட்டிக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வருகிற மனிதர். துறைமுகத்தில், கப்பலுக்கு எரிவாயு ஏற்றும் குழாயைப் பொருத்துகிற வேலை.

எரிவாயு எடுப்பது எங்கள் மண்ணிலிருந்து; போவது கடல் தாண்டி. கப்பல் வந்து நின்றால் போதும், ஊருக்கு வருகிற குழாயை இறுக்கிவிடுவார்கள். வீட்டு அடுப்பெல்லாம் மினுக் மினுக்கென்று எரிந்து செத்துப்போகும். கைப்பிள்ளைக்குப் பால் காய்ச்சக்கூட வழியிருக்காது. டி.வி.யில் மந்திரி மட்டும், "நட்பு நாட்டு மக்களைக் குளிரில் நடுங்க விடமாட்டோம்" என்று மார்தட்டுவார். எங்கள் பிள்ளைகள் நடுங்கினால் யாரய்யா கேட்பது?

அத்தான் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் கப்பல் என்றால், முந்தின சாயங்காலமே பால்கனியில் ஒரு சிவப்புத் துண்டைக் காயப்போடுவார். அதைப் பார்த்துத் தெருவே மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்து, பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வைத்துக்கொள்ளும்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டான், நாசமாய்ப் போகிறவன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கப்பல் வரும் நாள் நாட்டு ரகசியமாம். இனிமேல் துண்டு போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை தப்பும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எழுதிக் குடுத்துட்டு வாங்க. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க," என்று அக்கா கெஞ்சினாள். துண்டை மடித்து பீரோவில் வைத்தாள். என்னையும் துணைக்கு அனுப்பினாள்.

அதிகாரியின் அறையில் ஹீட்டர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பாதி திறந்த கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

"எந்த நாட்டுக்காரனுக்குத் தகவல் குடுத்தே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதிர் வீட்டுக்கு சார்," என்றார் அத்தான்.

"என்ன, கிண்டலா?"

"இல்ல சார். கப்பல் வந்து நின்னா ஊரே பாக்குது. பொம்பளைங்க முன்னாடியே உலை வெச்சுக்கிறது மட்டும் ரகசியமா? கப்பல் வர்ற நாளை நீங்களே ஊருக்குச் சொல்லிடுங்க, அப்புறம் நான் துண்டு போடமாட்டேன்."

"அதெல்லாம் சொல்ல முடியாது. இந்தா பேனா."

பியூன் கதவைச் சாத்திவிட்டான். எழுதிக் கொடுத்தாரா என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எழுதிக் குடுத்துட்டீங்கல்ல?" வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அக்கா.

அவர் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். துண்டை எடுத்து உதறி, பால்கனியில் போட்டார்.

"நாளைக்குக் கப்பல்," என்றார்.

"அட பாவி மனுஷா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? எதிர் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுதபடியே அரிசி களைய உட்கார்ந்தாள்.