திரும்பாத முன்பணம்

வெரோனா டங்க்லிக்குக் காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கிவிடும். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறப்பாள். தன் மூலம் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றைக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட விலை என்ன, இன்றைய விலை என்ன என்று பார்ப்பாள். நூற்று நாற்பது பெயர் இருந்தால் நூற்று நாற்பதையும் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. அன்று சபைக்குப் போக வேண்டும்.

ஜமைக்காக்காரர்கள் நிறைந்த அமெரிக்க ஊரான லாடர்ஹில்லில் கப்பல் பயணம் விற்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: ஒரு வருஷம் முன்னாடியே முன்பணம் கட்டுங்கள், தள்ளுபடி கிடைக்கும். அதில் பொய் இல்லை. பந்திக்கு முந்தினால் நல்லது என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் முந்தி உட்கார்ந்தவர் இலையில் கடைசிவரை என்ன விழுகிறது என்று நின்று பார்த்தவள் வெரோனா ஒருத்திதான். கப்பல் கிளம்புவதற்குத் தொண்ணூறு நாள் முன்புதான் முழுப்பணமும் கட்ட வேண்டிய கடைசி நாள். அதற்குள் விலை இறங்கினால், கேட்பவர்களுக்குக் கம்பெனி குறைத்துக் கொடுக்கும். கேட்காதவர்களைத் தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. வெரோனா கேட்பாள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கம்பெனியின் காத்திருப்பு இசை ஒரு மணி நேரம் ஓடினாலும் அவரைக்காயின் நார் உரித்தபடி நிற்பாள்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளை வழிக்கு வழி அனுப்பும் அலுவலகத்தில் இருந்தவள். ஒரு நிறுத்தம் தவறினால் ஒரு பிள்ளை நடுத்தெருவில் நிற்கும் என்ற பயத்திலேயே வளர்ந்த பழக்கம் அது. அந்த வேலையை விட்டதும், கப்பல் கம்பெனியின் விதிகள் அடங்கிய நாற்பத்திமூன்று பக்கத்தை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். அவள் வட்டாரத்தில் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்த இன்னொருவர் இருந்ததாக யாரும் கேள்விப்படவில்லை.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு தப்பு நேர்ந்தது. விலையை இறக்கிக் கொடுக்க வேண்டும் என்ற அந்த நல்ல பழக்கத்தால்தான் நேர்ந்தது.

சபையின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு பெண்கள். பிப்ரவரி மாதப் பயணத்துக்குப் பதினான்கு மாதம் முன்பே பதினொரு அறைகளைப் பிடித்து வைத்தாள் வெரோனா. ஒரு வாரப் பயணம். கப்பல் நிற்கும் மூன்று துறைமுகங்களில் ஒன்று ஜமைக்காவின் ஃபால்மத். அந்த முறை முதல் பெயர் கொடுத்தது மிஸ் ஐசி என்பதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். ஐசில்டா ப்ரெமர் என்பது முழுப்பெயர். எழுபத்திநாலு வயது, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் மற்றவர்கள் கப்பலேறும்போது, "மிதக்கிற ஹோட்டல்ல எனக்கு என்ன வேலை? நான் பார்க்காத படுக்கை விரிப்பா?" என்று கேட்டவள்.

ஃபால்மத்திலிருந்து காரில் கால் மணி நேரத்தில் டங்கன்ஸ். அங்கே மிஸ் ஐசியின் அக்கா யூனா இருக்கிறாள், எண்பத்தியொரு வயதில். இருவரும் பார்த்து முப்பத்திநாலு வருஷம் ஆகிறது. மிஸ் ஐசி அமெரிக்காவுக்கு ஏறி வந்த விமானம் கியூபாவுக்கு மேலே ஒரு புயலில் கல் மாதிரி விழுந்து எழுந்தது. அதற்குப் பிறகு அவள் விமானத்தில் கால் வைக்கவில்லை. யூனா அமெரிக்க விசாவுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினாள். ஆக, கப்பல்தான் வழி; குழு இதுவரை போன கப்பல் எதுவும் ஃபால்மத்தில் நின்றதில்லை.

ஜூலை மாதம் ஒரு காலையில் விலை இறங்கியிருந்தது. ஆளுக்கு நூற்றுப்பத்து டாலர் குறைவு. ஆனால் அது வேறு வகை விலை: பயணத்தை ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. நிச்சயமாக வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர்களுக்குக் கம்பெனி தரும் கூடுதல் தள்ளுபடி. இருபத்திரண்டு பேரும் நிச்சயமாக வருகிறவர்கள்தானே என்று வெரோனா எல்லாரையும் அதற்கு மாற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சேதியைச் சொன்னபோது கைதட்டினார்கள். மிஸ் ஐசியும் தட்டினாள்.

அக்டோபரில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரிப் பயணத்தில் ஃபால்மத் இல்லை. அதற்குப் பதில் மெக்சிகோவில் ஒரு தீவு. காரணம் எதுவும் எழுதவில்லை. வழியை மாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்பது பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. வெரோனா அதற்கும் கோடு போட்டிருந்தாள்.

இதைத் தொலைபேசியில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மிஸ் ஐசியின் வீட்டுக்கே போனாள். அங்கே பாடகர் குழுவின் தலைவி சிஸ்டர் பான்சியும் இருந்தாள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு. கப்பலில் மிஸ் ஐசியோடு ஒரே அறையில் இருக்க வேண்டியவள் அவள்.

"மெக்சிகோ நல்ல ஊருதானே" என்றாள் பான்சி. "கடல் இருக்கு, கடற்கரை இருக்கு."

"கடல் இங்கேயும் இருக்கு" என்றாள் மிஸ் ஐசி. கடிதத்தை இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் பணத்தை வாங்கிக் குடுத்துரு வெரோனா. நான் வரல."



"அது திரும்பாது, மிஸ் ஐசி. ஜூலையில நான் மாத்தினேன் பாருங்க, அப்பவே அது திரும்பாத பணம் ஆயிருச்சு. மத்தவங்க கப்பலுக்குப் போறாங்க, நீங்க ஃபால்மத்துக்குப் போறீங்க. உங்களைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான் கேக்கல. என் தப்பு."

மிஸ் ஐசி கடிதத்தை மடித்தாள். "நூத்திப்பத்து டாலர் மிச்சம்னு நானும்தானே கை தட்டினேன்."

"நீங்க தட்டினது என்னை நம்பி. படிக்க வேண்டியது நான்."

"ரெண்டு பேரும் யார் பெரிய பாவின்னு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள் பான்சி. "இவ வரலேன்னா அந்த அறைக்கு நான் தனியா ரெண்டு ஆள் பணம் கட்டணுமா? அதைச் சொல்லு முதல்ல."

அந்தக் கேள்விதான் வெரோனாவை வீட்டுக்கு விரட்டியது. நாற்பத்திமூன்று பக்கத்தையும் மறுபடி எடுத்தாள். முப்பத்தியோராம் பக்கத்தில் அது இருந்தது: ஓர் அறையில் பதிவு செய்த இருவரில் ஒருவர் அப்படியே இருந்தால், மற்றவர் பெயரை மாற்றலாம். மறுநாள் கம்பெனியைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இருந்த இளைஞன் முடியாது என்றான்.

"தம்பி, முப்பத்தியோராம் பக்கம் திறங்க."

"மேடம், இந்த விலைக்கு மாற்றம் எதுவும் கிடையாது."

"நான் காத்திருக்கேன். மேலேயிருந்து மூணாவது பத்தி. நீங்க சத்தமா வாசிங்க, நான் கூடவே வாசிக்கிறேன்."

அவன் வாசித்தான். கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தான். பிறகு, "புதுப் பெயர் என்ன மேடம்?" என்று கேட்டான். பான்சியின் அண்ணன் மகள் மிஸ் ஐசியின் இடத்துக்கு வந்தாள். மிஸ் ஐசி அதுவரை கட்டியிருந்த எண்ணூற்று நாற்பது டாலரை அவள் கொடுக்க, அது அப்படியே மிஸ் ஐசியின் கைக்குப் போனது.

பணம் வந்துவிட்டது, ஃபால்மத் வரவில்லையே. அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் மார்ச் நடுவில் அங்கே போகிறது. விலை ஆளுக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல். தனியாள் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஓய்வூதியத்தில் இருக்கும் மிஸ் ஐசி நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அல்ல.

வெரோனா அன்று சொன்னதை அவள் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"இப்ப கட்ட வேண்டாம், மிஸ் ஐசி. காத்திருப்போம்."

"நீயா சொல்றே? முந்து முந்துன்னு பத்தொம்பது வருஷமா எங்க உயிரை எடுத்தவ நீ."

"முந்த வேண்டிய நேரம் போயிருச்சு. டிசம்பர் பதினஞ்சு இந்தக் கப்பலுக்கு முழுப்பணம் கட்டக் கடைசி நாள். சும்மா இடம் பிடிச்சு வெச்சவங்க எல்லாம் அன்னிக்குக் கழண்டுக்குவாங்க. அந்த அறைகள் திரும்பி வரும். கம்பெனி அதைக் காலியா விடாது."

"வரலேன்னா?"

"வரும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

மிஸ் ஐசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதையாவது சொன்னியே. இன்னொன்னு கேக்கிறேன். பணம் கட்டினப்புறம் மறுபடி வழியை மாத்தினா?"

வெரோனா பையிலிருந்து தாள்களை எடுத்துப் பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்தே காட்டினாள். காற்று அடித்தாலும் அலை எழுந்தாலும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையாமல் போகலாம், பணம் வராது. ஒரு வரியையும் விடவில்லை.

"சரி. காத்துகிட்ட கையெழுத்து வாங்கவா முடியும்" என்றாள் மிஸ் ஐசி.

இரண்டு மாதம். பாடகர் குழு பயிற்சிக்குக் கூடும்போதெல்லாம் மிஸ் ஐசி வெரோனாவின் முகத்தைப் பார்ப்பாள். வெரோனா இல்லையென்று தலையை ஆட்டுவாள். விலை இறங்கவில்லை. நவம்பர் கடைசியில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அன்றைக்கு வெரோனா தேநீரைக் குடிக்க மறந்து ஆறவிட்டாள். தன்னை நம்பி ஒரு கிழவியைச் சும்மா உட்கார வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு அவளைக் குடைந்தது. அந்த இரண்டு மாதமும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மடிக்கணினியைத் திறந்தாள். அதைப் போதகரிடம் அவளே போய்ச் சொன்னதாகக் கேள்வி. அவர், விலை இறங்கியதா என்று கேட்டாராம்.

டிசம்பர் பதினைந்து போனது. பதினாறு, பதினேழு, ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் தேதி காலையில் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் ஆளுக்கு ஐந்நூற்றுப் பத்து. வெரோனா ஐந்து ஐம்பதுக்கு மிஸ் ஐசியைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேர்னு சொல்றியே" என்றாள் மிஸ் ஐசி. "இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

"இன்னொரு ஆள் நான்தான். என் பாதியை நான் கட்டுறேன்."

"உன் தப்புக்குப் பிராயச்சித்தமா? அதெல்லாம் எனக்கு வேண்டாம்."

"பத்தொம்பது வருஷமா எந்தக் கப்பல்ல ஏறினாலும் தலை எண்ணிக்கிட்டேதான் இருந்திருக்கேன், மிஸ் ஐசி. ஒரே ஒரு தலையோட ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னு ஆசை. சீக்கிரம் சொல்லுங்க, இந்த அறை ஆறு மணிவரைக்கும் நிக்காது."

"குறட்டை விடுவியா?"

"விடுவேன்."

"அப்ப சரி. சபைக் கூட்டங்களுக்குப் போறப்பல்லாம் பான்சியோட ஒரே அறையில படுத்துப் பழகிப்போச்சு. சத்தம் இல்லேன்னாதான் தூக்கம் வராது."

மார்ச்சில் கப்பல் எவர்கிளேட்ஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து மிஸ் ஐசி கடலை நம்பவில்லை. எதிர்ப்படும் ஊழியர்களிடமெல்லாம் காற்று எப்படி என்று கேட்டாள். மேசை துடைப்பவனைக்கூட விடவில்லை. ஃபால்மத் நாளன்று விடியற்காலையிலேயே தொப்பி வைத்துக்கொண்டு தளத்தில் நின்றாள். வெரோனாவும் பக்கத்தில் நின்றாள். கரை தெரிந்தது. கப்பல் வேகத்தைக் குறைத்தது. அப்படியே மெல்ல உள்ளே திரும்பியது. கயிறு கட்டி முடிக்கும்வரை மிஸ் ஐசி கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

துறைமுக வாசலுக்கு வெளியே, ஒரு வாடகைக் காரின் கதவைத் திறந்து வைத்து அதற்குள் உட்கார்ந்திருந்தாள் யூனா. கால் நடக்க விடாது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஆறு மணி நேரத்துக்கு வந்திருக்கியாடி? கடைக்குப் போற வழியில எட்டிப் பார்க்கிற மாதிரி?"

"நாலரைக்குள்ள ஏறணும் அக்கா. விட்டுட்டுப் போயிருவான்."

"அந்தக் கேப்டன்கிட்ட சொல்லு, நான் இன்னும் உன்னைத் திட்டி முடிக்கலன்னு. இவ யாரு, கூட நிக்கிறவ?"

"இவதான் என்னைக் கொண்டுவந்தது."

யூனா வெரோனாவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா இரும்மா. நம்ம ஊரு அக்கீப்பழமும் உப்புமீனும் சமைச்சிருக்கேன், ஆறிப்போகும், ஏறுங்க" என்றாள். கார் டங்கன்ஸுக்குப் போனது. அந்த வீட்டில் வெரோனா சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியாது. மூன்றரைக்கு அவள் எழுந்து கதவைத் தட்டினாள். பேருந்துக்காரியின் பழக்கம், ஒரு நிமிஷம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

திரும்பி வரும்போது கடைசி நாள் முழுக்கக் கடல். கப்பலில் அடுத்த வருஷத்துப் பயணங்களை விற்கும் மேசைக்கு அன்றுதான் கூட்டம். மதியம் மிஸ் ஐசியை அறையில் காணாமல் தேடிப்போன வெரோனா, அவளை அந்த வரிசையின் முன்னால் கண்டாள். கையில் பேனாவோடு நின்றாள். வெரோனா பாய்ந்துபோய்த் தாளை வாங்கிப் பார்த்தாள். அடுத்த மார்ச். ஃபால்மத். திரும்பாத பணம்.

"மிஸ் ஐசி, ரெண்டு வகை இருக்கு. அம்பது டாலர்தான் வித்தியாசம். இந்தத் தடவை திரும்புறதையே எடுங்க. என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு வயசு எழுபத்தாறு ஆகும், யூனாவுக்கு..."

"அதுக்குத்தான் இது" என்றாள் மிஸ் ஐசி. "நான் கிளம்பும்போது, இனிமே எங்கே பார்க்கப் போறோம்னு அழுதா. அடுத்த மார்ச்சுக்கு வர்றேன், பணம் கட்டிட்டேன், வரலேன்னா ஒரு காசும் திரும்பாதுன்னு சொல்லிட்டு வந்தேன். யூனாவை உனக்குத் தெரியாது. என் பணம் வீணாப் போக அவ விடமாட்டா. இருப்பா."

"கட்டிட்டேன்னு சொன்னீங்களா? இன்னும் கட்டலையே."

"அதான் வரிசையில நிக்கிறேன்."

வெரோனா தாளை மறுபடி ஒருமுறை தொடக்கத்திலிருந்து வாசித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.