சூடத்துக்கு முன்னால் சோப்புத் தண்ணீர்

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பஸ் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தபோது, டெல்லிக்குப் போகவேண்டிய, டீசலுக்குப் பதில் காஸில் ஓடும் பஸ் ஒன்று முதன்முதலாகத் தயாரானது.

அவ்வளவு தூரம் போகிற வண்டிக்குக் கண் பட்டுவிடுமோ என்று எனக்குக் கவலை. டீசல் பஸ்ஸுக்குச் செய்வதுபோலவே பூசணிக்காய் மேல் சூடம் வைத்துச் சுற்றக் கிளம்பினேன். சிலிண்டரில் காஸ் ஏற்றியாகிவிட்டது. ஃபிட்டர் கபாலி வண்டிக்கு அடியில் படுத்து, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார். நான் தீக்குச்சியை எடுத்தேன்.

"அண்ணாத்த, கொளுத்தாத! இங்க நுரை பொங்கிக்கினு கீது!"

நான் பதறிப் பின்னால் நகர்ந்ததில் பூசணிக்காய் விழுந்து உடைந்தது. கபாலி வால்வை மூடிவிட்டுத் தவழ்ந்து வெளியே வந்தார்.

"திருஷ்டி சுத்த வந்தியா, எங்களுக்குக் கொள்ளி வைக்க வந்தியா?"

"கண்ணு பட்டுடுமேன்னு பயந்துட்டேன்பா."

"எது எதுக்கோ பயப்படுற, இதுக்குப் பயப்படலையே நைனா!"

பட்டறையே சிரித்தது, நானும்தான். குழாயில் இருந்த காஸ் வெளியேறியதும் நட்டை முறுக்கி, வால்வைத் திறந்து, மறுபடி தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. சாயந்திரம் எல்லோரும் அந்த பஸ்ஸிலேயே மாமல்லபுரம்வரை சோதனை ஓட்டம் போய், விசிலடித்துக்கொண்டு, வறுத்த மீன் தின்றுவிட்டு வந்தோம்.

இப்போதும் திருஷ்டி சுற்றாமல் எனக்கு மனசு கேட்காது. ஆனால் கசிவு பார்த்து முடித்த பிறகுதான். அதுவும் சூடத்தை வாசலைத் தாண்டி ரோட்டோரத்தில் ஏற்றி, வண்டி நிற்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். அவ்வளவு தூரம் சாமிக்குத் தெரியாதா என்ன?