பிடரிமயிர் எழுதிய இசோ

எங்கள் தெராய் ஊரில் சிங்கத்தின் பிடரிமயிரை இசோவைப் போலத் தூரிகையால் எழுத ஆளில்லை. தூபக் கலயத்தின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் பீங்கான் சிங்கம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் கழுத்தில் இருநூறு கோடுகள் இழுப்பாள், ஒன்றோடொன்று ஒட்டாது. தோகுஜி முதலாளியின் பட்டறையில் பதினைந்து வயதில் சேர்ந்தவள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் தேநீர்க் கிண்ணங்களுக்குப் பூ எழுதினேன்.

தூரிகை முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்து இழுக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். வெள்ளை வண்ணம் நாக்கில் இனிக்கும். "சாப்பாட்டுக்கு முன்னாடியே வயிறு நிறைஞ்சிடுது ஹாத்சு அக்கா" என்று இசோ என்னிடம் கேலி பேசுவாள்.

சூளைக்கு விறகு போடும் கிஹேயை மணந்தாள். முதல் குழந்தை செத்தே பிறந்தது. இரண்டாவது நாற்பது நாள் அழுது அடங்கியது. மூன்றாவது ஆறாம் மாதத்திலேயே கலைந்தது. "இவ வயிறு என்ன சூளையா, வெச்சதெல்லாம் வெடிக்குது" என்று மாமியார் காதுபடவே சொன்னாள்.

நான்காவது உண்டானபோது வயிற்றுவலி தாங்காமல் கொமாட்சு ஊர் வைத்தியரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் அவள் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறில் நீலக்கோடு ஓடியிருந்தது.

"என்ன வேலை பார்க்கிறம்மா?"

"பீங்கானுக்கு வண்ணம் எழுதறேங்க."

"தூரிகைய வாயில வைப்பியா?"

"வைக்காம எப்படிங்க?"

"அந்த வண்ணத்துல ஈயம் இருக்கு. உன் பிள்ளைங்களையும் அதுதான் கொண்டுபோயிருக்கும்."

திரும்பி வரும் வழியில் அவள் பாலத்தருகே நின்று, "அப்ப நான்தானா அக்கா?" என்றாள்.

"உனக்குத் தெரிஞ்சா செஞ்ச? விடு" என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தூரிகையைத் தட்டின் விளிம்பில் உருட்டிக் கூராக்கப் பார்த்தாள். கோடுகள் தடித்தன. முதலாளி மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சிங்கமா, நனைஞ்ச நாயா?"

வைத்தியர் சொன்னதை அவள் சொன்னாள்.

"எங்கப்பா அறுபது வருஷம் வாயில வெச்சாரு. எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு" என்றார் அவர்.

இலைகளுக்குப் பச்சை நிரப்பும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பட்டைத் தூரிகை போதும். ஆனால் வண்ணம் அரைப்பதும் அதே அறையில்தான். தூளைச் சுவாசிக்காமல் அங்கே யாராலும் உட்கார முடியாது.

இலையுதிர் காலத்தில் பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. நாமி என்று பெயர் வைத்தார்கள். இசோ அவளை முதுகில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவாள். ஆள் மாற்றி ஆள் நாங்கள் தூக்கி வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதம் இசோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பனி கொட்டத் தொடங்கியபோது குழந்தைக்கு வலிப்பு வந்தது. நான்கு நாளில் அதன் உயிர் போய்விட்டது.

பிள்ளைக்கு ஊதுபத்தி வைக்கக் கிஹேய் பட்டறையில் கழித்துப் போட்ட தூபக் கலயம் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"அதை வெளியில வை. அவ பக்கத்துல அது வேண்டாம்" என்றாள் இசோ. கஞ்சி குடிக்கும் மண்கிண்ணத்தில் சாம்பலை நிரப்பிப் பத்தியைச் செருகினான்.

எட்டாம் நாள் அவள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். மெல்லிய தூரிகையை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனாள். நான் கையைப் பிடித்தேன்.

"விடுங்க அக்கா. இனி யாருக்காகப் பார்க்கணும்?"

கோடுகள் மறுபடி மயிரிழையாக விழுந்தன. "கை திரும்பிடுச்சே" என்று முதலாளி மகிழ்ந்துபோனார்.

இரண்டு வருடத்தில் அவள் மணிக்கட்டு தொங்கிவிட்டது. சோற்றையும் கிஹேய்தான் ஊட்டினான். முப்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டியபின் கைகளைக் கூப்பி வைத்தோம், நிற்கவில்லை. ஜபமாலையைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் விடிந்ததும் கிஹேய் சூளை மூட்டப் போனான்.

நான் முதலாளியிடம் சொல்லி, சாமான்களுக்கு வைக்கோல் சுற்றும் பக்கம் மாறிக்கொண்டேன். வண்ணம் எழுதும் மற்ற பதினொரு பேரும் அந்த அறைக்கு உள்ளேயே இருந்தார்கள்.