திரளான நண்பர்கள்

1956 ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிஜெட்டின் தம்பி ஓஸ்வால்ட் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் சென்னை மெயில், சென்னையிலிருந்து கப்பல். செவ்வாய் அந்தோணியாருக்கு உகந்த நாள் என்று பிரிஜெட் தேர்ந்தெடுத்தாள். செவ்வாயில் எவனாவது பயணம் வைப்பானா என்று தெருவில் பாதிப் பேர் வழியனுப்ப வரவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. பெரம்பூரில் யூனிஸ் என்ற பெண்ணை ஓஸ்வால்டுக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அப்பா பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிற மனுஷர். "பையனுக்கு ஊரில் என்ன மதிப்புன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று முடிவைத் தள்ளிவைத்திருந்தார். அந்தக் காலத்துப் பேப்பரில் மதிப்பு என்றால் ஒரே சொல்தான்: திரளான. கப்பலேறினாலும் கல்லறைக்குப் போனாலும் 'திரளான நண்பர்கள் வழியனுப்பினர்' என்று வந்தால் ஆள் பெரிய மனுஷன்.

பெங்களூர்ச் செய்திகளை அந்தப் பேப்பருக்கு எழுதியவர் பிரிஜெட்டின் கணவர் தியோடர்தான். பகலில் பிரேசர் டவுனில் ஒரு மருந்துக் கடைக் கணக்கு, சாயங்காலம் நிருபர். வீட்டிலேயே நிருபர் இருக்க வேறென்ன கவலை என்பீர்கள். சங்கடமே அவரால்தான். மற்றவர்கள் 'திரளான'வை உப்பு மாதிரித் தூவினார்கள். தியோடர் குங்குமப்பூ மாதிரிப் பூட்டி வைத்திருந்தார். ஒரு கவுன்சிலரின் பாராட்டு விழாவைப் பற்றி, 'சிலர் வந்திருந்தனர். அவர்களில் சிலர் கடைசிவரை இருந்தனர்' என்று எழுதியவர். அப்புறம் வெகுநாள் தியோடரின் தெருவில் விளக்கு எரியவில்லை.

ஸ்டேஷனுக்கென்று அவர் வைத்திருந்த அளவுகோல் ஊரறிந்தது. பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று உண்டு. டீக்கடையருகே நின்று பார்ப்பார். கூட்டம் மெஷினை மறைத்தால் 'திரளான'. மெஷின் தெரிந்தால் 'சிலர்'.

"சொந்த மச்சானுக்குக்கூடவா?" என்றாள் பிரிஜெட்.

"மெஷினுக்கு மச்சான் கிடையாதும்மா."

"சரி. ஆள் கிடைக்கலன்னா நான் அகலம் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். ஜீவனஹள்ளிப் பால்காரர் கோவிந்தப்பா வந்தார். அவர் வாசலில் நின்றால் வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டும். கோயில் பாடற்குழுவில் கட்டைக்குரல்காரர்கள் இரண்டு பேர். மெஷினின் முகத்தை மறைப்பதற்குக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே காய்கறிக்கார எல்லம்மா. நால்வரும் மெஷின் முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். பயணம் போகிறவன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"அக்கா, யாராச்சும் வந்து கை குடுங்களேன்!" என்று ஜன்னலிலிருந்து கத்தினான் ஓஸ்வால்ட்.

"அங்கிருந்தே ஆட்டறாங்க, வாங்கிக்கோ!"

தியோடர் வந்து டீக்கடையருகே நின்றார். மெஷினைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் காணோம். அந்த நேரம் பார்த்து ஒரு சாமான் வண்டி வர, கோவிந்தப்பா பின்வாங்கி மெஷின் தட்டின் மேலேயே ஏறிவிட்டார். தேரில் வைத்த சுரூபம் மாதிரி எல்லார் தலைக்கும் மேலே அவர் தலை.

"அங்கே என்ன பண்றீங்க, கோவிந்தப்பா?"

"எடை பாக்கறேன், ஸ்வாமி."

"முதுகைக் காட்டிக்கிட்டா?"

ரயில் போய்விட்டது. வீட்டில் பிரிஜெட் கேட்டாள்: "மறைஞ்சுதா, இல்லையா?"

"மறைஞ்சுது."

"அப்போ எழுதுங்க."

தான் போட்ட சட்டம். மீறவும் முடியவில்லை, மனசும் கேட்கவில்லை. பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி, கடைசியில் எழுதினார்: 'எடை மெஷினை மறைக்கும் அளவுக்கு நண்பர்கள் வழியனுப்பினர்.'

அது அப்படியே அச்சில் வந்தது. பிரிஜெட் பேச்சை நிறுத்தினாள். ஒரு வாரம் வீட்டில் ரசம் மட்டும். பெரம்பூரிலிருந்து மூச்சு இல்லை. மழைக்காலமும் முடிந்தபிறகு, காரணம் ஒன்றும் சொல்லாமல், சம்மதம் என்று தகவல் வந்தது. பிரிஜெட் அந்தோணியாருக்கு ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றினாள். தியோடருக்கு மறுபடி குழம்பு கிடைத்தது.

நாலைந்து வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து யூனிஸின் கடிதம்:

'அன்புள்ள அண்ணனுக்கு, அப்பா இப்போதுதான் வாய் திறந்தார். அன்றைக்கு "திரளான" என்று வந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாராம். "அதை எல்லாருக்கும் போடறான். மெஷினை மறைக்கணும்னா நாலு பேராவது நிஜமா வந்திருக்கணுமே" என்கிறார். உங்கள் மருமகனுக்கு, அதாவது எங்கள் குட்டிப் பையனுக்கு, டிசம்பரில் பெங்களூரில் ஞானஸ்நானம். அதற்கு மட்டும் "திரளான" என்றே போட்டுவிடுங்கள். ஆள் அதிகம் வராது. கோவிந்தப்பாவிடம் இப்போதே சொல்லிவைக்கவும்.'