சரசு அக்காவின் ஆறு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி

சரசு அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி நம் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ஓடுவதற்காகக் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணி. குனோங் ராபாட் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஒரு கால் கட்டியாயிற்று, ஒரு கால் மிச்சம். செய்தியை இரண்டு முறை படித்தேன். அழுகை வரவில்லை. மண்டைக்குள் முதலில் வந்தது இதுதான்: இனி என்னை யாராலும் முந்த முடியாது.

இதை மறைத்துவிட்டு, அக்காவைத் தெரிந்த உங்கள் முன்னால் நல்ல பிள்ளையாக ஓர் அஞ்சலி எழுதியிருக்கலாம். ஆனால் அக்கா மேல் எனக்கு முதலில் வந்தது பொறாமை. பாசமும் மரியாதையும் அதற்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவை. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எனக்கு இருபத்து நாலு வயது. ஓடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிறகு நானே வீடியோ போட ஆரம்பித்தேன். என் கைப்பேசியில் ஓட்டக்காரர்களுக்கான ஒரு செயலி இருக்கிறது. ஒரு பாதையை நாம் அதில் குறித்து வைத்தால், அந்தப் பாதையில் யார் ஓடினாலும் நேரத்தை எடுத்து வரிசைப்படுத்திவிடும். நம் திடலின் கேட்டில் தொடங்கி, பின்வரிசை வீடுகளைத் தாண்டி, சுண்ணாம்பு மலையடி வரை போய், மேட்டில் ஏறி, மறுபடி கேட்டுக்கே வரும் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாதைக்கு 'மலையடிச் சுற்று' என்று பெயர் வைத்துக் குறித்தவன் நான்தான். யாரும் ஓடாத இடத்தில் முதலிடம் வாங்குவது சுலபம். மூன்று வாரம் நானே ராஜா. ஏழு நிமிடம் இருபத்தொரு விநாடி.

நான்காவது வாரம் எனக்கு மேலே ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. சரஸ்வதி. படம் இல்லை, வெறும் சாம்பல் வட்டம். ஏழு நிமிடம் பத்து விநாடி. பதினொரு விநாடி என்னைவிட வேகம்! விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் மாநில ஓட்டக்காரி யாரோ என்று நினைத்துக்கொண்டேன். 'ஹாய், நீங்க எந்த கிளப்?' என்று செய்தி கூடப் போட்டேன். பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேட்டில் என்னைத் தாண்டி ஒரு கொண்டை போனது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டிராக் பேண்ட், காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் காலணி. கேட் அருகில் போய்ப் பிடித்தேன்.

"ஆண்டி, நீங்களா சரஸ்வதி?"

"ஆண்டி ஒங்க ஊட்டுல. அக்கான்னு கூப்புடு. நீதான் எனக்கு ஹாய் போட்டவனா?"

"ஆமா… நீங்க எந்த கிளப்?"

"கையுறை பேக்டரி கிளப் லா. இருவத்தெட்டு வருஷம் நின்னுக்கிட்டே பாக்கிங். இப்ப பென்ஷன். அதான் ஓடுறேன், உக்காந்தா காலு வலிக்குது."

அறுபத்திரண்டு வயது. கையில் இருந்த, ஓட்டத்தைச் செயலிக்கு அனுப்பும் கடிகாரம் மகள் மாலினி அக்காவுடையது. உடம்பு இளைப்பதற்கென்று வாங்கி ஒரு வாரத்தில் கழற்றிப்போட்டதாம். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் காலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் உடற்திறன் சோதனை வைப்பார்கள் இல்லையா, பலகை மேல் ஏறி ஏறி இறங்கி நாடி பார்ப்பது? அதில் ஏறி இறங்காமலே என் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தவன் நான். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். நாங்கள் வளர்ந்தது டியூஷன் வேனிலும் சோபாவிலும். எஸ்டேட் தோட்டத்தில் ஓடி வளர்ந்த அக்காவின் கால்கள் எனக்குக் கிடைக்கவில்லையே என்று எரிந்தது.

அந்த எரிச்சலை அக்கா ஒருநாள் டீக்கடையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். ஓடி முடித்து தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் லோரி ஓட்டும் மணியம் அங்கிள், என் அப்பாவின் சிநேகிதர்.

"அந்தக் காலத்துப் புள்ளைங்க இரும்பு, சரசு. இப்ப உள்ளதுங்க தாவ்ஃபூ. தொட்டா ஒடஞ்சிரும்" என்றார் என்னைப் பார்த்து.

"எவன் இரும்பு? நீயா? போன மாசம் முட்டிக்கு ஊசி போட்டியே, அந்த இரும்பா?" என்றார் அக்கா. "சுங்காய்ல எங்க தோட்டத்துலேருந்து ஸ்கூலுக்கு நாலு மைலு. ஆசப்பட்டா ஓடுனோம்? லேட்டா போனா வாத்தியாரு வெளிய நிக்க வைப்பாரு. ஒரு பஸ் இருந்திருந்தா நான் பஸ்ஸுலதான் போயிருப்பேன் லா, ஜன்னலோரமா."

பிறகு குனிந்து என் காலணியின் அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "மெத்த மாதிரி இருக்கு. இது மேல எனக்குப் பொறாமடா பிரவின்."

அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார். பதினாலு வயதில் மாவட்டப் போட்டிக்கு எண்ணூறு மீட்டர் ஓடப் போயிருக்கிறார், வெறுங்காலோடு. கடைசி வளைவு வரைக்கும் முதலில் வந்தவரை, டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆணி வைத்த காலணியோடு தாண்டிப் போய்விட்டாள். அக்காவுக்கு இரண்டாவது இடம்.

"அவ பேரு மறந்துட்டேன். மூஞ்சியும் மறந்துட்டேன். முதுகு மட்டும் மறக்கல. நாப்பத்தெட்டு வருஷமா அந்த முதுகப் பாத்துக்கிட்டேதான் ஓடுறேன்."

"இன்னுமா பொறாம?"

"பின்ன? பொறாம இல்லாம எவன்டா மேடு ஏறுவான்?"

தாமான் குடும்ப தினம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிறுவர் ஓட்டத்துக்குப் பரிசு கொடுக்கத்தான் அக்காவைக் கூப்பிட்டோம். எண்பது மீட்டர். பாதித் தூரத்தில் மூன்று பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். ஒருவன் பரிசு என்ன என்று கேட்டுவிட்டு ஓடலாமா என்று யோசித்தான். அக்கா மைக்கைக் கீழே வைத்தார். "திரும்ப ஓடுங்க. நானும் ஓடுறேன்." பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முதலில் வந்தார்.

ஒரு தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாக்கா நீங்க, சின்னப் புள்ளைங்க. ஒரு தடவ ஜெயிக்க விட்டா என்னாவாம்?"

"விட்டா அது நான் குடுத்தது மா, அவன் ஜெயிச்சது இல்ல."

மறுநாள் மாலை திடலில் ஒன்பது பிள்ளைகள். "அந்த அக்காவ இன்னிக்கு ஜெயிக்கணும்" என்று ஒரு பெண்பிள்ளை கைப்பேசியைச் செருப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்து நின்றாள். ஒரு வாரத்தில் பதினைந்து பேர். அதே மாதம்தான் நான் என் பக்கத்தில் 'முப்பது நாள் ஓட்டச் சவால்' என்று இசையெல்லாம் சேர்த்து அறிவித்திருந்தேன். சேர்ந்தது இரண்டு பேர், அதில் ஒருவன் என் மாமா பையன். நான் மூன்று வருடமாகக் கத்தியும் நடக்காததை, ஒரு ஹாய்க்குப் பதில் போடத் தெரியாத அக்கா ஒரே நாளில் செய்துவிட்டார். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அதைச் செய்தேன்.

மதியம் மூன்று மணி. வெயிலில் ஒரு பூனை கூட வெளியே இல்லை. கைப்பேசியைக் கையில் கட்டிக்கொண்டு, செயலியைத் தட்டிவிட்டு, என் கப்சாய் மோட்டாரில் ஏறினேன். மலையடிச் சுற்றை மோட்டாரிலேயே சுற்றினேன். ரொம்ப வேகமாகப் போனால் பொய் என்று தெரிந்துவிடும் என்பதால் சாமி ஊர்வலம் மாதிரி உருட்டினேன். ஆறு நிமிடம் ஐந்து விநாடி. முதலிடம். என் பெயர், என் படம், மேலே ஒரு தங்கக் கிரீடம்.

மறுநாள் திடலில் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஆறு நிமிஷம் அஞ்சு விநாடியாமே. மாலினி காட்டுனா. மூச்சு எப்படி வுட்ட?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மூக்கால மூணு, வாயால ரெண்டுக்கா. ரிதம்தான் முக்கியம்."

அக்கா பாடம் கேட்பதுபோல் தலையாட்டினார். "மேட்டுல?"

"கொஞ்சம் முன்னால சாஞ்சிக்கணும்."

"ம்ம். கியர் மாத்துனியா?"

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். வேகத்தைத்தான் அப்படிக் கேலியாகச் சொல்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா வாரத்தில் ஐந்து நாள் ஓடினார். ஏழு நிமிடம் ஐந்து. ஏழு நிமிடம். ஆறு ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றும் என் கைப்பேசியில் வந்து விழும். ஓர் அறுபத்திரண்டு வயதுப் பெண் என் மோட்டாரைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாலையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். திடலில் அந்தப் பிள்ளைகள் அக்காவைச் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். கிரீடம் ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே என்று தோன்றும். கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பத்திரண்டு வந்தது. அடுத்த வாரம் அக்கா ஓட வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் அந்தச் செய்தி.

பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் போகும் வரை காத்திருந்தேன். மாலினி அக்கா போர்ச்சில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஓடுனதாலயா?"

"இல்லடா. டெங்கி. டாக்டர் வேற என்ன சொன்னாரு தெரியுமா? இந்த வயசுல இப்படி ஒரு இதயம் பாத்ததில்லையாம்."

நான் சொல்லிவிட்டேன். மோட்டார், மூன்று மணி, கிரீடம், எல்லாம். மாலினி அக்கா நாற்காலியை அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியும். நீ உருட்டுனது எங்க ஊட்டு முன்னாலதான். அம்மா இங்கதான் உக்காந்து கேன்வாஸ் சப்பாத்துக்கு வெள்ள அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. கையில கட்டியிருந்த போன வரைக்கும் பாத்துட்டாங்க. நான் ஒன்னைக் கிழிக்கிறேன்னு கெளம்பினேன். விடல. 'சும்மா இரு, அவனே வந்து சொல்லுவான். அது வரைக்கும் கப்சாயத் தொரத்திப் பாக்குறேன். ஜெயிச்சா நல்லா இருக்கும்ல'ன்னாங்க."

எனக்காகக் காத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும், திடலில், தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டு.

மாலினி அக்கா கைப்பேசியை எடுத்தார். "பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அம்மா அக்கவுண்ட மூடிரலாம்னு இருக்கேன். அந்தப் பேரப் பாக்கும்போதெல்லாம் என்னமோ பண்ணுது."

மூடினால் அக்காவின் பெயர் வரிசையிலிருந்து போய்விடும். என் பொய்யை அழித்தாலும், என் பழைய ஏழு இருபத்தொன்றே முதலிடத்துக்கு வந்துவிடும். கிரீடம் தானாக என் தலையில் வந்து உட்காரும், யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. ஒரு கணம் என் நெஞ்சு அதற்குத் துள்ளியது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"மூடாதீங்கக்கா" என்றேன். "நான் இன்னும் அவங்கள முந்தல."

அங்கேயே நின்று, மாலினி அக்கா பார்க்க, ஆறு நிமிடம் ஐந்து விநாடியை அழித்தேன். சாம்பல் வட்டம் மேலே ஏறியது. சரஸ்வதி, ஆறு ஐம்பத்திரண்டு.

நேற்று மாலை ஓடினேன், காலால். ஏழு நிமிடம் மூன்று விநாடி. இதுவரை நான் ஓடியதிலேயே இதுதான் வேகம். ஆனாலும் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மறுபடி அதே பதினொரு விநாடி. திடலில் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். செருப்புக்குள் கைப்பேசியை ஒளிக்கும் பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள், "அண்ணே, நீங்களும் அக்கா மாதிரி விட்டுக்குடுக்காம ஓடுவீங்களா?" ஓடினேன். எண்பது மீட்டரில் என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஓர் அறிவுரை இல்லை, ஒரு படம்கூட இல்லை. மேட்டில் எனக்கு முன்னால் போகும் ஒரு கொண்டையும், வேர்வையில் நனைந்த ஒரு முதுகும், வெள்ளை அடித்த இரண்டு கேன்வாஸ் குதிகால்களும்தான். அந்த முதுகைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறது, அக்கா. எரிகிற வரைக்கும் ஓடி வாரேன்.