அவளுக்குப் பிடித்த முகம்

1913-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். வண்ணார்பேட்டையில் ஒரு சைவக் குடும்பத்தில் மருமகளுக்குப் பிரசவம் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்து நான் வெளியே வந்திருந்த சமயம். பிரசவம் சுகமாகவே ஆயிற்று. என்னால் மறக்க முடியாமல் போனது அந்த வீட்டுக் கடைசிப் பெண்ணை.

ஒல்லியாக இருக்கிறாள் என்று அவளை இரண்டு மாப்பிள்ளை வீட்டார் தள்ளியிருந்தார்கள். அன்றிலிருந்து தாயார் தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவே குழித்து நல்லெண்ணெய் ஊற்றி ஊட்டிவந்தார். நான் போனபோது கன்னம் உப்பி, கைகால்கள் உருண்டிருந்தன. மூன்றாவதாக வந்தவர்கள் தை மாதத்துக்குக் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டார்கள்.

“இப்பத்தான் எம்புள்ள மனுஷி மாதிரி இருக்கா நர்சம்மா. என்ன போடுதியன்னு தெருவே கேக்கு” என்று தாயாருக்கு ஒரே பூரிப்பு.

எனக்குப் பூரிப்பு வரவில்லை. காலையில் அந்தப் பெண்ணின் இமைகள் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. சிறுநீர் குறைவாகப் போவதாகச் சொன்னாள். அதைக் கண்ணாடிக் குழாயில் சுட வைத்துப் பார்த்தேன். முட்டையின் வெள்ளைக்கருபோல் திரிந்தது. சிறுநீரக நோய். அவள் மேல் ஏறியிருந்தது சதையல்ல, நீர்.

தாயாரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“சீக்குன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா இந்த இடமும் போயிரும். நீங்க படிச்சவிய, சரிதான். எம்புள்ளய ஒட்டடக்குச்சின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாவளே, அதை நீங்க பாக்கலல்லா?”

பிறகு அந்தப் பெண்ணிடமே பேசினேன். உப்பை நிறுத்த வேண்டும், பாலும் கஞ்சியும்தான் ஆகாரம், நடமாட்டம் கூடாது, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீரு வடிஞ்சா கன்னமும் போயிருமாக்கா?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “போயிரும். ஆனா நீ பொழச்சிருவ” என்றேன்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“தை வரைக்கும் இருக்கட்டும்க்கா. தாலி ஏறட்டும், பொறவு நீங்க சொல்லுதபடி கேக்கேன். அப்ப மெலிஞ்சா மாமியா சோறு போடலன்னுல்லா ஊரு பேசும்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. மறுபடியும் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். காபி கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

மார்கழியில் அந்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பி என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவளுக்கு மூச்சு முட்டி, வலிப்பும் கண்டிருந்தது. என் கையில் இருந்த எந்த மருந்தும் அதற்குப் போதவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். “எப்படிச் செழிப்பா இருந்த புள்ள, யாரு கண்ணு பட்டுச்சோ” என்று அழுதார்கள். தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் எம்புள்ள முகம் வாடலையே நர்சம்மா” என்றார்.

உடம்பில் சேரும் நீரை வடிக்க எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். வடிந்தபின் மிஞ்சும் மெலிந்த முகத்தோடு ஒரு பெண் இந்த ஊரில் எப்படி வாழ்வது என்று அவள் கேட்டிருந்தால், அன்றும் என்னிடம் பதில் இருந்திருக்காது, இன்றும் இல்லை.